காற்றுச் சுத்திகரிப்பானும் என்95 முகக்கவசமும்: ஓராண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

முதியோர் இருக்கும் வீட்டில் ஒருவரின் காய்ச்சல் மற்றவருக்குத் தொற்றாமல் காக்க, மிக நுண்ணிய துகள்களையும் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி கொண்ட காற்றுச் சுத்திகரிப்பான் ஒன்றையும் என்95 முகக்கவசங்களையும் சென்ற ஆண்டு வாங்கினோம்.

சுத்திகரிப்பானில் வண்ண விளக்குகளையும் கைப்பேசிச் செயலியையும் விட, மணிக்கு எத்தனை கன மீட்டர் தூய காற்று தருகிறது என்பதே முக்கியம். பத்துக்குப் பன்னிரண்டு அடியும் பத்தடி உயரமும் உள்ள எங்கள் அறையின் கொள்ளளவு ஏறத்தாழ 34 கன மீட்டர் என்பதால், 200 கன மீட்டர் தரும் இக்கருவி அறைக் காற்றை மணிக்கு ஏறக்குறைய ஆறு முறை மாற்றுவதற்கு ஈடாகிறது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2023இல் பரிந்துரைத்தது ஐந்து முறையாவது மாற்றுவதை. ஆனால் அந்த 200 முழு வேகத்தில் மட்டுமே கிடைக்கிறது, அந்த இரைச்சலிலோ என் தந்தையாரால் உறங்க முடியவில்லை. இறுதியில் வேகத்தைக் குறைத்து, சன்னலையும் திறந்து வைத்தோம்.

நோயாளியின் அருகமர்ந்து கஞ்சி ஊட்டுபவருக்குக் கருவியால் பெரும்பயன் இல்லை; அங்கே முகக்கவசமே துணை. 0.3 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவுத் துகள்களில் குறைந்தது 95 விழுக்காட்டைத் தடுக்கும் அதன் ஆற்றல் இழைகளின் நிலைமின்னூட்டத்தைப் பெரிதும் சார்ந்திருப்பதால், அம்மின்னூட்டத்தைப் போக்கிவிடும் சோப்பு நீரில் துவைத்துவிட்டு (எங்கள் வீட்டில் அதுவும் நடந்தது) மீண்டும் அணிவதில் பொருளில்லை. காதில் மாட்டும் வகையைவிடத் தலையைச் சுற்றி இரு பட்டைகள் கொண்ட வகை முகத்தோடு நன்கு பொருந்துகிறது. தாடி வைத்திருக்கும் என் தம்பிக்கு எதுவுமே பொருந்தவில்லை. மூச்சை வடிகட்டாமல் வெளியேற்றும் வால்வு உள்ள கவசத்தை நோயாளிக்கு அணிவிக்கக் கூடாது.