ஆர்.ஓ.வா, கொதித்தாறிய தண்ணீரா? கொழும்பு வெள்ளவத்தைத் தொடர்மாடியில் நாங்கள் எடுத்த முடிவு

"ஆர்.ஓ. மெஷின் இல்லாமல் எப்படித் தண்ணி குடிக்கிறியள்?" யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இறங்கிய அன்றே அம்மா கேட்டார். ஆர்.ஓ. என்பது மிக நுண்ணிய சவ்வு வழியாகத் தண்ணீரை அழுத்தி உப்பைப் பிரிக்கும் இயந்திரம். யாழ்ப்பாணத்தில் அம்மாவின் கேள்வி நியாயமானதுதான். சுண்ணாம்புக்கல் நிலத்துக் கிணற்றுத் தண்ணீர், கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படியும். பல கிணறுகளில் உரத்தால் வந்த நைத்திரேற்றும் உண்டு. அது கொதிக்க வைத்தாலும் போகாது, ஆர்.ஓ.வில் பெருமளவு குறையும்.

அம்மாவுக்காக நாங்களும் ஒன்று வாங்கினோம். ஒன்றரை வருடம் பாவித்தபின் கழற்றிவிட்டோம். இப்போது கொதிக்க வைத்துத்தான் குடிக்கிறோம்.

கொழும்புக் குழாயில் வருவது வேறு தண்ணீர். களனி ஆற்றிலிருந்து எடுத்து அம்பத்தலையில் சுத்திகரித்தது, இல்லாவிட்டால் லபுகம, கலட்டுவாவ நீர்த்தேக்கங்களிலிருந்து வருவது. இரண்டிலும் உப்பு குறைவு. உப்பை நீக்கும் இயந்திரத்துக்கு இங்கே வேலை அதிகமில்லை. ஒரு லீட்டர் நல்ல தண்ணீருக்கு இரண்டு மூன்று லீட்டர் வீணாக ஓடுவது வேறு.

ஆனால் நான் கழற்றியது பராமரிப்புச் சிக்கலால். ஆறு மாதத்துக்கு ஒருதரம் வடிகட்டி மாற்றச் சொன்னார்கள். விலையைப் பார்த்து ஒன்பது மாதத்துக்கு இழுத்தோம். கார்பன் வடிகட்டி குளோரினை எடுத்துவிடும். அதற்குப் பிறகு உள்ளே இருக்கும் சின்னத் தாங்கியில் தேங்கும் தண்ணீருக்குக் கிருமிகளிடமிருந்து காவல் இல்லை. ஒருநாள் அந்தத் தாங்கிக்குள் விரலை வைத்துத் தேய்த்தேன், வழுவழுவென்றிருந்தது.

சரி, குழாயில் வரும் குளோரின் போதுமா? டெங்கு பரிசோதனைக்கு வந்த பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டேன். கீழே வீதிக் குழாயிலிருந்து நேராக வரும் தண்ணீரைச் சின்னச் சோதனைக் குழாயில் பிடித்து, குளோரின் இருந்தால் நிறம் காட்டும் ஒரு மாத்திரை போட்டார், நல்ல இளஞ்சிவப்பானது. எங்கள் குசினித் தண்ணீரில் நிறமே ஏறவில்லை. வீட்டுக் குழாயில் லீட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராமாவது மிஞ்ச வேண்டும் என்பது உலக சுகாதார அமைப்பின் வழிகாட்டல். இடையில் குளோரினைத் தின்றது மொட்டைமாடித் தாங்கி. டோர்ச் அடித்துப் பார்த்தோம்: அடியில் விரற்கடை அளவு சேறு, மூடியில் வெடிப்பு. அதைத் தேய்த்துக் கழுவி, குளோரின் கலந்த தண்ணீரால் அலசி, மூடியையும் மாற்றினோம். எட்டு வீடுகளும் பங்கு போட்டதால் தலைக்கு வந்த செலவு ஒரு வடிகட்டி விலையைவிடக் குறைவு.

அப்புறம் கொதிக்க வைப்பதில் ஒன்றும் பெரிய வித்தை இல்லை. குமிழி விட்டுத் தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் கிருமிகள் சாகும். மூடி வைத்து அன்றைக்கே குடித்து முடிக்க வேண்டும், ஏனென்றால் கொதித்த தண்ணீரிலும் குளோரின் மிஞ்சாது. காஸ் செலவு உண்டு. உலோகமோ இரசாயனமோ கலந்திருந்தால் கொதிக்க வைத்துப் பயனில்லை.

பெரிய போத்தல் தண்ணீரை மூன்று மாதம்தான் வாங்கினோம், அதனால் அதிகம் சொல்ல மாட்டேன். எஸ்.எல்.எஸ். (இலங்கைத் தரநிலை) முத்திரையும் சீலும் பாருங்கள், வெயிலில் வைத்த போத்தலை வாங்காதீர்கள். டிஸ்பென்சரின் குழாயையும் கழுவத்தான் வேண்டும். நான்காம் மாடிக்கு அதைச் சுமந்தது என் முதுகுக்குத் தெரியும்.

புறநகரில் குழாய்க் கிணற்றுத் தண்ணீர் குடிப்பவர்கள் முதலில் அதைப் பரிசோதியுங்கள். உப்போ நைத்திரேற்றோ கூடுதலாக இருந்தால் ஆர்.ஓ.வே சரி, வடிகட்டியை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். எங்கள் தாங்கிக்கு அடுத்த கழுவல் மார்கழியில். திகதியை மாடிப்படிச் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறோம்.