ஊசியா, சிரப்பா, பொடியா? சலாம் வலிப்புக்கு மூன்று மருந்துகள்

“அக்கா, உங்க பையனுக்கு ஊசி போட்டாங்களா, பொடி குடுத்தாங்களா? எதுக்கா நல்லது?”

பெங்களூரு நிம்ஹான்ஸ் நரம்பியல் ஆஸ்பத்திரி வரிசையில் நின்று நின்று என் போனில் சேர்ந்த எண்களில் பாதி ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரிக்காரர்களுடையது. டாக்டர் கன்னடமும் ஆங்கிலமும் கலந்து சொன்னதை வீடு போய்ச் சேர்ந்து அசைபோட்டுவிட்டு, ராத்திரி ஒன்பது மணிக்குக் கூப்பிடுவார்கள். கேள்வி பெரும்பாலும் இதுதான். நான் டாக்டர் இல்லை. அல்சூரில் இருக்கிறேன். ஏழு வருஷத்துக்கு முன் இந்த மூன்று மருந்தில் இரண்டை என் கையால் அளந்து கொடுத்த அம்மா, அவ்வளவுதான். மருந்தையும் அளவையும் முடிவு செய்ய வேண்டியவர் குழந்தையைப் பார்க்கும் நரம்பியல் டாக்டர். முடிவான பிறகு வீட்டில் நடக்க வேண்டியதைப் பற்றித்தான் எனக்குக் கொஞ்சம் தெரியும்.

நோயை முதலில் சொல்லிவிடுகிறேன். 1841-ல் வில்லியம் ஜேம்ஸ் வெஸ்ட் என்ற இங்கிலாந்து டாக்டர், தன் சொந்தக் குழந்தைக்கு வந்ததை விவரித்து லான்செட் இதழுக்குக் கடிதம் எழுதினார். அதனால் வெஸ்ட் சிண்ட்ரோம் என்று பெயர். குனிந்து சலாம் போடுவது போல இருப்பதால் சலாம் வலிப்பு என்றும் சொல்வார்கள். பெரும்பாலும் ஒரு வயதுக்குள் ஆரம்பிக்கும். தூங்கி எழுந்ததும் தலை சட்டென்று முன்னால் விழும், இரண்டு கையும் விரியும், ஒன்றிரண்டு நொடியில் முடிந்துவிடும். கொஞ்சம் விட்டு மறுபடியும் வரும். அப்படியே வரிசையாக இருபது, முப்பது. வாயில் நுரை இல்லை, கை கால் வெட்டி இழுக்கவில்லை என்பதால் வலிப்பு என்றே யாருக்கும் தோன்றாது. எங்கள் வீட்டில் “உரம் விழுந்திருக்கு” என்று முடிவாகி, உரம் எடுக்கத் தெரிந்த ஒரு பாட்டியைத் தேடிப் பிடித்தோம். அதிலேயே பதினொரு நாள் போயிற்று. கடைசியில் போனில் எடுத்த வீடியோவைப் பார்த்ததும் டாக்டர் அன்றைக்கே இஇஜி, அதாவது மூளையின் மின்னலைகளைப் பதியும் சோதனை, எடுக்க அனுப்பினார்.

அந்தப் பதினொரு நாளை நினைத்தால் இன்றும் வயிறு பிசைகிறது. பிரிட்டனில் இந்தக் குழந்தைகளை நான்கு வயது வரை பின்தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள். சிகிச்சை எவ்வளவு தள்ளிப்போனதோ அவ்வளவுக்கு வளர்ச்சி மதிப்பெண் இறங்கியிருந்தது. ஆகவே எந்த மருந்து நல்லது என்று கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, “ஆரம்பிச்சு எத்தனை நாள் ஆச்சு?”

இதற்கு முன்னணியில் நிற்பவை மூன்று: ஏசிடிஎச் ஊசி, சிரப்பாகவோ மாத்திரையாகவோ வாயில் கொடுக்கும் ப்ரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு, விகாபாட்ரின் பொடி. மற்ற வலிப்புகளுக்குக் கொடுக்கும் வழக்கமான மருந்துகள் இதில் அவ்வளவாக எடுபடுவதில்லை. கார்பமசெபைன் போன்றவை நிலைமையை மோசமாக்கவும் கூடும். “என் தங்கச்சி பொண்ணுக்கு அந்த சிரப்புல நின்னுடுச்சே” என்று சொந்தக்காரர் சொல்வதைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

ஏசிடிஎச் பழைய மருந்து, 1958 முதல் இந்த நோய்க்குக் கொடுக்கிறார்கள். உடம்பின் அட்ரினல் சுரப்பியைத் தூண்டி ஸ்டீராய்டைச் சுரக்க வைக்கும். தசையில் போடும் ஊசி. அமெரிக்காவில் இன்றும் பல டாக்டர்களின் முதல் தேர்வு இதுதான். அங்கே 2007-ல் ஒரே இரவில் ஒரு குப்பியின் விலை ஏறக்குறைய 1,650 டாலரிலிருந்து 23,000 டாலருக்கு மேல் ஏறியது தனிக் கதை. நம் பக்கத்துப் பிரச்சினை வேறு. தினமும் ஊசி போட ஆள் வேண்டும், மருந்தைக் குளிரில் வைக்க வேண்டும். கரண்ட் போய்ப் போய் வரும் வீட்டில் அதுவே பெரிய கவலை. ரத்த அழுத்தம் ஏறுவது, தொற்று, ஓயாத அழுகை போன்ற பக்கவிளைவுகள் எல்லாம் வாயில் கொடுக்கும் ஸ்டீராய்டுக்கு உள்ளவைதான். நான் இதைக் கொடுத்ததில்லை, அதனால் அதிகம் பேசவும் மாட்டேன்.

ஊசி உசத்தி, வாயில் கொடுப்பது மட்டம் என்ற எண்ணம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. இலங்கையில் 97 குழந்தைகளை வைத்துச் செய்து 2015-ல் வெளியான ஆய்வில் 14-ஆம் நாள் பார்த்தபோது, ப்ரெட்னிசோலோன் எடுத்தவர்களில் 58.3 சதவீதத்துக்கும் ஊசி போட்டவர்களில் 36.7 சதவீதத்துக்கும் வலிப்பு நின்றிருந்தது. 2004-ல் வெளியான பிரிட்டன் ஆய்வில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே வந்தன: ஊசிக்கு 25-ல் 19, மாத்திரைக்கு 30-ல் 21. விலையையும் சேர்த்துப் பார்த்தால், நம் ஊரில் பல டாக்டர்கள் ப்ரெட்னிசோலோனிலிருந்து தொடங்குவதில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

ஆனால் “வெறும் சிரப்புதானே” என்று நினைத்தால் ஆபத்து. சளிக்கும் வீசிங்குக்கும் கொடுக்கும் அளவு இல்லை இது, பல மடங்கு அதிகம். என் பையனுக்கு அப்போது 6 கிலோ. கிலோவுக்கு 4 மில்லிகிராம் கணக்கில் ஒரு நாளைக்கு 24 மில்லிகிராம், அதை இரண்டு வேளையாகப் பிரித்து, வேளைக்கு 4 மில்லி சிரப்பாகக் கொடுத்தோம். ஐந்தாம் நாள் சலாம் நின்றது. ஒன்பதாம் நாள் பாட்டில் தீர்ந்து புதிது வாங்கினோம். பதினோராம் நாள் தலை மறுபடி விழ ஆரம்பித்தது. மருந்து கைவிட்டுவிட்டது என்று அழுதுகொண்டு ஓடினால், டாக்டர் பாட்டிலை வாங்கித் திருப்பிப் பார்த்தார். இந்த சிரப்பில் இரண்டு வகை உண்டு: 5 மில்லியில் 5 மில்லிகிராம் உள்ளது ஒன்று, 5 மில்லியில் 15 மில்லிகிராம் உள்ளது இன்னொன்று. சீட்டில் இருந்தது 15. கடையில் கொடுத்தது 5. நான் அதே 4 மில்லியை அளந்து மூன்றில் ஒரு பங்கு மருந்தை ஊற்றிக்கொண்டிருந்தேன். தப்பு தலைகீழாக நடந்திருந்தால் மூன்று மடங்கு உள்ளே போயிருக்கும். கடைக்காரரைத் திட்டி என்ன பயன், நானும்தான் பார்க்கவில்லை. அன்றிலிருந்து சீட்டில் மில்லிகிராம், மில்லி, பாட்டிலின் வகை மூன்றையும் டாக்டரிடம் எழுதி வாங்குகிறேன்.

ஸ்டீராய்டில் அடுத்த பொறி தடுப்பூசி. ஒன்பதாம் மாதம் தட்டம்மை ரூபெல்லா ஊசிக்கு ஆஷா அக்கா (ஊர்ச் சுகாதாரப் பணியாளர்) வீடு தேடி வருவார். உயிருள்ள கிருமியை வலுக்குறைத்துச் செய்த தடுப்பு மருந்துகளை இந்த அளவு ஸ்டீராய்டு ஓடும்போது போடக்கூடாது. போலியோ சொட்டு, ரோட்டா சொட்டும் அந்த வகைதான். எப்போது போடலாம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால் அதைத் தடுப்பூசி அட்டையிலேயே குத்தி வையுங்கள். வீட்டில் யாருக்காவது விடாத இருமலோ காசநோயோ இருந்தால் மருந்து ஆரம்பிக்கும் முன்பே சொல்ல வேண்டும். அம்மை போட்ட வீட்டுக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகக்கூடாது. காய்ச்சல் வந்தால் கஷாயம் வைத்துக் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரி. ரத்த அழுத்தமும் சர்க்கரையும் டாக்டர் சொன்ன நாளில் பார்த்தாக வேண்டும். மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் அட்ரினல் சுரப்பி உடனே வேலைக்குத் திரும்பாது, அது உயிருக்கே ஆபத்து. படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். வாந்தியில் மருந்து போனாலும் போன் பண்ணிக் கேளுங்கள். முகம் உப்பிய என் பையனைப் பார்த்துப் பக்கத்து வீட்டில் “இப்பத்தான் நல்லா கொழுகொழுன்னு ஆயிருக்கான்” என்றார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

இனி பொடி. விகாபாட்ரின் வேறு வழியில் வேலை செய்கிறது. மூளையின் வேகத்தைத் தணிக்கும் காபா என்ற பொருளைச் சிதைக்கும் நொதியை இது தடுக்கிறது, அதனால் காபா கூடுகிறது. தொற்றுக்கு இடம் கொடுக்காது, ரத்த அழுத்தத்தை ஏற்றாது, குழந்தை ராத்திரியெல்லாம் பசித்து அலறாது. கேட்க நன்றாக இருக்கிறது அல்லவா? விலையைக் கண் கொடுக்க வேண்டி வரலாம். பக்கவாட்டில் பார்க்கும் பார்வை ஓரத்திலிருந்து சுருங்கிக்கொண்டே வரும், போனது திரும்பாது. பெரியவர்களில் 30 சதவீதமோ அதற்கு மேலோ பேருக்கு இது வரலாம் என்று மருந்தின் குறிப்பேட்டிலேயே இருக்கிறது. அளவும் காலமும் கூடக்கூட ஆபத்தும் கூடும். ஆறு மாதக் குழந்தை “ஓரம் தெரியல” என்று சொல்லுமா? அதனால்தான் ஆரம்பத்திலும், பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறையும், நிறுத்திய பிறகும் கண் பரிசோதனை சொல்கிறார்கள். குழந்தை பொம்மையைப் பார்க்கிறதே என்று அதைத் தள்ளிப்போடாதீர்கள், ஓரம் போன பிறகும் நேர்ப்பார்வை பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். இரண்டு, மூன்று வாரத்தில் பலன் தெரியாவிட்டால் தொடர்வதா என்று நீங்களே டாக்டரிடம் கேளுங்கள். பலன் தெரிந்தாலும் எத்தனை மாதம் என்று முதல் நாளே கேட்டு வையுங்கள். எங்களுக்கு ஆறு மாதம் என்றார்கள்.

கலக்குவதிலும் கவனம் வேண்டும். 500 மில்லிகிராம் பொட்டலத்தை 10 மில்லி தண்ணீரில் முழுதாகக் கரைத்தால் ஒரு மில்லியில் 50 மில்லிகிராம். 6 கிலோ குழந்தைக்குக் கிலோவுக்கு 50 கணக்கில் ஒரு நாளைக்கு 300 மில்லிகிராம், இரண்டு வேளையாகப் பிரித்தால் வேளைக்கு 150, அதாவது 3 மில்லி. மீதியைக் கொட்டிவிட வேண்டும். காசு போகிறதே என்று சாயங்காலத்துக்கு எடுத்து வைக்கக்கூடாது. பாலாடை நிறையப் பாலில் கலந்தால் பாதியில் குழந்தை துப்பிவிடும், எவ்வளவு உள்ளே போனது என்று தெரியாது. ஊசியில்லாத சிரிஞ்சில் கன்னத்தின் ஓரமாக விடுங்கள். எடை ஏறினால் கணக்கும் மாறும். மருந்து சிறுநீர் வழியே வெளியேறுவதால் சிறுநீரகக் கோளாறு இருந்தால் முன்பே சொல்லுங்கள். குழந்தை துவண்டு போனாலோ, எழுப்பினாலும் எழாமல் தூங்கினாலோ, கை கால் புதுவிதமாக முறுக்கினாலோ உடனே காட்ட வேண்டும். இதையும் திடீரென்று நிறுத்தக்கூடாது. பெங்களூரில் கிடைக்கும் பொட்டலம் உங்கள் ஊர்க் கடையில் இருக்கும் என்று நம்பாமல், தீர்வதற்குப் பத்து நாள் முன்பே வாங்கி வையுங்கள்.

அப்படியானால் பொடி யாருக்கு? ஒரு கூட்டத்துக்குச் சந்தேகமே இல்லை. உடம்பில் இலை வடிவ வெள்ளைத் திட்டுகளோடு வரும் ட்யூபரஸ் ஸ்க்லீரோசிஸ் என்ற மரபணு நோய் உள்ள குழந்தைகளுக்கு விகாபாட்ரின்தான் முதல் மருந்து. அவர்களுக்கு அது கேட்பதுபோல் வேறொன்றும் கேட்பதில்லை, கண் ஆபத்தைத் தெரிந்தே எடுக்கலாம். அந்த நோய் இல்லாதவர்களிடம் அதே 2004 ஆய்வில் இரண்டு வாரத்தில் ஸ்டீராய்டு வகையில் 73 சதவீதம் பேருக்கும் விகாபாட்ரினில் 54 சதவீதம் பேருக்கும் வலிப்பு நின்றது. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால்? 377 குழந்தைகளை வைத்துச் செய்து 2017-ல் வெளியான ஆய்வில் சேர்த்துக் கொடுத்தவர்களில் 72 சதவீதம், ஸ்டீராய்டு மட்டும் என்றால் 57. ஆனால் பதினெட்டு மாதத்தில் வளர்ச்சியைப் பார்த்தபோது இரு தரப்புக்கும் வித்தியாசம் இல்லை. என் பையனுக்கு ஸ்டீராய்டைக் குறைக்கும்போது வலிப்பு திரும்பி, பிறகுதான் பொடி சேர்ந்தது. எனக்கு விட்டால் முதலில் சரியான அளவில் ப்ரெட்னிசோலோன், இரண்டு வாரத்தில் மறுபடி இஇஜி, நிற்காவிட்டால் பொடி. ஆனால் என் தேர்வு ஆறு கிலோ எடையும் எங்கள் எம்ஆர்ஐயும் வைத்துச் செய்தது. உங்கள் குழந்தையின் படம் வேறு.

போன வாரம் தர்மபுரியிலிருந்து ஒரு பெண். ஊசியா பொடியா என்ற கேள்விக்கு முன்னாலேயே, “இப்ப என்ன குடுக்கிறே? பாட்டிலை எடுத்து வெச்சுப் படி” என்றேன். எழுத்துக் கூட்டிப் படித்தாள். “அஞ்சு மில்லிக்கு… பதினஞ்சு.” சீட்டில் என்ன என்று கேட்டேன். காகிதம் சரசரக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

“அஞ்சுன்னு இருக்குக்கா.”

“ராத்திரி வேளை குடுத்துட்டியா?”

“இன்னும் இல்லக்கா.”

“போனை வெச்சுட்டு இப்பவே வார்டு நம்பருக்குக் கூப்பிடு. எத்தனை மில்லி குடுக்கணும்னு அவங்ககிட்டயே கேளு.”