என்பிஏ பிளேஆஃப் ஃபிக்சர்: கட்டுகிற சந்தாவுக்கு ஏற்ற சரக்கா?

மே மாதம் தேனிப் பக்கம் கூடைப்பந்துக்குப் பஞ்சமே கிடையாது. ராத்திரி பெரியகுளத்தில் அகில இந்தியப் போட்டி, விடிந்தால் போனில் அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவின் பிளேஆஃப், அதாவது லீக் ஆட்டங்களுக்குப் பிறகு வரும் நாக்-அவுட் சுற்றுகள். கம்பம், போடி தொடங்கி மலைக்கு மேலே குமுளி வரை இதற்கென்றே சந்தா கட்டுகிறவர்கள் உண்டு. ஆட்டத்தின் தரத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. குறை இருப்பதெல்லாம் யார் யாரோடு எப்போது மோதுவது என்று தீர்மானிக்கும் ஃபிக்சரில்தான்.

அமைப்பு இதுதான்: 30 அணிகள், கிழக்கில் 15, மேற்கில் 15. ஒவ்வொரு அணிக்கும் 82 லீக் ஆட்டம். இரு பக்கத்திலும் முதல் ஆறு அணிகள் நேராக உள்ளே. 7 முதல் 10 வரை இருப்பவர்களுக்கு பிளே-இன் என்கிற தகுதி ஆட்டங்கள். ஏழும் எட்டும் மோதி ஜெயிப்பவருக்கு ஏழாவது இடம். தோற்றவர், 9-10 ஆட்டத்தில் ஜெயித்தவரோடு மோதி எட்டாவது இடத்துக்குப் போராட வேண்டும். அதன்பின் எல்லாச் சுற்றும் ஏழு ஆட்டத் தொடர்; முதலில் நான்கு ஜெயிப்பவருக்குத் தொடர். கிழக்கும் மேற்கும் பைனலில் மட்டுமே சந்திக்கும்.

நம் ஊர்ப் போட்டிகளில் ஃபிக்சர் போடுகிறவர் முதல் வேலையாகப் பலமான இரண்டு அணிகளை மேல் பாதியில் ஒன்று, கீழ் பாதியில் ஒன்று என்று பிரித்துவிடுவார். பைனலுக்குக் கூட்டம் வர வேண்டுமே! என்பிஏ அந்த வேலையை வரைபடத்திடம் விட்டுவிட்டது. 2018-ல் ஹூஸ்டனுக்கு 65 வெற்றி, கோல்டன் ஸ்டேட்டுக்கு 58. இரண்டும் மேற்கு என்பதால் செமியிலேயே மோதி ஏழாவது ஆட்டம் வரை போனார்கள். பைனலில் 50 வெற்றியோடு வந்த கிளீவ்லாந்தை கோல்டன் ஸ்டேட் 4-0 என்று முடித்துவிட்டது. 2002-லும் அப்படித்தான்: மேற்கின் லேக்கர்ஸ், சாக்ரமென்டோ தொடர் ஏழு ஆட்டம், பைனலில் நியூ ஜெர்சியை லேக்கர்ஸ் 4-0 என்று முடித்தது. வெற்றிக் கணக்கை மட்டும் வைத்து 1 முதல் 16 வரை ஒரே வரிசை போட்டிருந்தால், 2018-ல் முதல் இடத்து ஹூஸ்டனும் மூன்றாம் இடத்து கோல்டன் ஸ்டேட்டும் பைனலுக்கு முன் சந்திக்கவே வழியில்லை.

'தகுதியில்லாத அணி உள்ளே வந்துவிடுகிறது' என்ற புகார் மட்டும் ஊதிப் பெரிதாக்கப்பட்டது. 2008-ல் மேற்கில் 48 வெற்றி பெற்ற கோல்டன் ஸ்டேட் வெளியே, கிழக்கில் 37 பெற்ற அட்லான்டா உள்ளே. 2014-ல் மேற்கில் 48 வெற்றி பெற்ற ஃபீனிக்ஸ் வெளியே, 38 பெற்ற அட்லான்டா உள்ளே. இரண்டு முறையும் திட்டு வாங்கிய அதே அட்லான்டா, 66 வெற்றியோடு வந்த பாஸ்டனை 2008-லும், கிழக்கில் முதலிடம் பிடித்த இந்தியானாவை 2014-லும் ஏழாவது ஆட்டம் வரை இழுத்தடித்தது. 2025-ல் 37 வெற்றியோடு பத்தாம் இடத்திலிருந்து மயாமி நுழைந்ததற்குக் காரணம் பிளே-இன். கிழக்கு-மேற்குப் பிரிவினையைக் குற்றம் சொல்ல முடியாது. ஒரே வரிசைக்கு மாறினால் உள்ளே வருகிறவர்களில் வருஷத்துக்கு ஓர் அணி, மிஞ்சினால் இரண்டு மாறும். யாருக்கு யார் எதிரி என்பதுதான் தலைகீழாகும்.

அப்படியானால் ஏன் மாற்றவில்லை? 82 என்ற எண்தான் முதல் முட்டுக்கட்டை. ஓர் அணி தன் டிவிஷனில் (ஒரு பக்கத்துக்குள்ளேயே ஐந்து அணிகள் கொண்ட சிறு குழு) உள்ள 4 அணிகளோடு தலா 4, தன் பக்கத்தின் வேறு 6 அணிகளோடு தலா 4, மீதி 4 அணிகளோடு தலா 3 என 52 ஆட்டம் ஆடுகிறது. எதிர்ப்பக்கத்து 15 அணிகளோடு தலா 2, மொத்தம் 30. ஆகவே மேற்கின் 48 வெற்றியும் கிழக்கின் 48 வெற்றியும் ஒரே எடை இல்லை. சமமாக்க வேண்டுமானால் 29 எதிரிகளோடும் தலா 3 ஆட்டம் ஆடி 87 ஆக்க வேண்டும். அல்லது தலா 2 ஆடி 58 ஆக்க வேண்டும். 58 என்றால் ஓர் அணிக்கு 12 உள்ளூர் ஆட்டங்களின் டிக்கெட் பணம் போச்சு. எந்த முதலாளி கையெழுத்துப் போடுவார்?

அடுத்தது பயணம். மயாமியிலிருந்து போர்ட்லாந்து 4,000 கிலோமீட்டருக்கு மேல், மூன்று மணி நேர வித்தியாசம். முதல் இரண்டு ஆட்டம் ஓர் ஊரில், அடுத்த இரண்டு எதிரணி ஊரில், பிறகு மாறி மாறி ஒவ்வொன்று என்ற 2-2-1-1-1 முறையில் தொடர் ஏழு ஆட்டம் போனால் நான்கு முறை ஊர் மாற வேண்டும். 1985 முதல் 2013 வரை பைனலை 2-3-2 என்று நடத்தினார்கள். அதில் இரண்டே முறைதான். இந்த அலைச்சல் முதல் சுற்றிலேயே தொடங்கினால் ஜூனுக்குள் முழங்கால்கள் கேள்வி கேட்கும்.

ஒரே வரிசை ஓடும் என்பதற்குச் சாட்சி அமெரிக்கப் பெண்கள் லீக்கான டபிள்யூஎன்பிஏ. 2016-ல் பிரிவு பார்க்காமல் எட்டு அணிகளை வரிசைப்படுத்தினார்கள். அப்போது 12 அணி, 34 ஆட்டம். எல்லோரோடும் தலா 3, ஒரே ஓர் அணியோடு மட்டும் 4. அட்டவணை கிட்டத்தட்ட சமம் என்பதால் யாரும் சண்டைக்கு வரவில்லை. முதல் வருஷமே மேற்கின் மினசோட்டாவும் லாஸ் ஏஞ்சலஸும் பைனலில் சந்தித்து, அங்கே கடைசி ஆட்டமான ஐந்தாவது வரை போனார்கள். அடுத்த வருஷமும் அதே ஜோடி, அதே ஐந்து ஆட்டம்.

மதிப்பெண்: இப்போதைய ஃபிக்சருக்கு 5-க்கு 3. 82 ஆட்டத்தை வைத்துக்கொண்டு 1-16 போட்டாலும் 3-க்கு மேல் தர மாட்டோம். ஒரு கோளாறு போய் இன்னொன்று வரும். முதல் இரண்டு சுற்றைப் பிரிவுக்குள் முடித்துவிட்டு, மிஞ்சும் நான்கு அணிகளை வெற்றிக் கணக்கில் மறுபடி வரிசைப்படுத்தினால் 4 தரலாம். 2018-ல் ஹூஸ்டன்–கிளீவ்லாந்து, கோல்டன் ஸ்டேட்–பாஸ்டன் என்று செமி அமைந்திருக்கும். கூடுதல் அலைச்சல் இரண்டு தொடருக்கு மட்டும்.

அதுவரை சந்தாக்காரர்களுக்கு: முதல் சுற்றில் கிழக்கில் இரவு 7 மணிக்குத் தொடங்கும் ஆட்டம் நமக்கு விடிகாலை 4:30, மேற்கில் 7 மணி என்றால் காலை 7:30. பள்ளிக்கோ ஆபீசுக்கோ போகிறவர்களுக்குக் கிழக்குத்தான் தோது. லீவு போடுவதானால் பைனலுக்குப் போடாதீர்கள். மே கடைசியில், எந்தப் பக்கம் பலமோ அந்தப் பக்கத்துச் செமிக்குப் போடுங்கள்.