10க்கு 12 அடி அறையில் கெஃப் எல்எஸ்50 மெட்டா

சின்ன அறைக்கு ஸ்பீக்கர் தேடுகிறவர்கள் கடையில் முதலில் கேட்பது, "பேஸ் நல்லா வருமா?" பேஸ் என்பது தாழ்ந்த ஒலி; அந்த அறை எவ்வளவு பேஸ் தாங்கும் என்று பார்ப்பவர்கள் குறைவு. செங்கல் சுவர், கான்கிரீட் கூரை, டைல்ஸ் தரை: தாழ்ந்த ஒலியை இவை வெளியேயும் விடாது, உறிஞ்சவும் செய்யாது. 12 அடி நீளம் 47 ஹெர்ட்ஸிலும் (நொடிக்கு 47 அதிர்வு), 10 அடி அகலம் 56 ஹெர்ட்ஸிலும் ஒத்ததிரும்; அந்த ஒலியை அறையே தூக்கிக் காட்டும். கூரையும் 10 அடி உயரம் என்றால் கேட்கவே வேண்டாம், அகலமும் உயரமும் ஒரே 56 ஹெர்ட்ஸில் கைகோத்துக்கொள்ளும். பேஸ் கிட்டாரின் திறந்த ‘ஏ’ தந்தி 55 ஹெர்ட்ஸ். பாட்டில் அந்த ஒரு ஸ்வரம் வரும்போது மட்டும் அறை உறுமுகிறது என்றால் ஸ்பீக்கரைத் திட்டிப் பயனில்லை.

கெஃப் நிறுவனத்தின் சின்னப் பெட்டி ஸ்பீக்கரான எல்எஸ்50 மெட்டா இந்த அறைக்குப் பொருந்துவதற்கு முதல் காரணமே, அது ரொம்பக் கீழே இறங்காததுதான். 3 டெசிபல் (ஒலி அளவின் அலகு) ஏற்ற இறக்கத்துக்குள் 79 ஹெர்ட்ஸ் வரை வரும். 47 ஹெர்ட்ஸில் 6 டெசிபல் குறைந்திருக்கும். ஸ்பீக்கர் தணிகிற இடத்தில் அறை தூக்கிவிடுகிறது. இதே அறையில் ஆளுயர டவர் ஜோடியை நிறுத்தினால், காசு கொடுத்து இரைச்சல் வாங்கிய கதை.

இரண்டாவது காரணம் அதன் யூனிட், அதாவது அதிர்ந்து ஒலி எழுப்பும் பாகம். 130 மி.மீ. அலுமினியக் கூம்பின் நடுவிலேயே, உச்ச ஒலிகளைத் தரும் 25 மி.மீ. ட்வீட்டர் உட்கார்ந்திருக்கிறது. யூனி-க்யூ என்று கெஃப் 1988 முதல் செய்துவருவது. ட்வீட்டர் மேலே, தாழ்ந்த ஒலிக்கான ஊஃபர் கீழே என்றிருக்கும் பெட்டிகளை இரண்டு மீட்டருக்குள் உட்கார்ந்து கேட்டால், சற்றுச் சாய்ந்து உட்கார்ந்தாலே குரலின் தன்மை மாறும்; இரண்டு யூனிட்டிலிருந்தும் காதுக்கு உள்ள தூரம் மாறிவிடுவதால் கிராஸ்ஓவர் (ஒலி ஒரு யூனிட்டிலிருந்து மற்றதற்குக் கைமாறும் அதிர்வெண்) அருகே ஒலி ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும். இங்கே இரண்டுக்கும் மையம் ஒன்றே என்பதால் அந்தத் தொல்லை இல்லை. 2020இல் வந்த மெட்டாவில் ட்வீட்டருக்குப் பின்னால் புதிர்வழி போல் வளைந்து ஓடும் குழல்கள் கொண்ட வட்டத் தகடு ஒன்று சேர்ந்தது. ஒவ்வொரு குழலும் ஒவ்வோர் அதிர்வெண்ணை விழுங்கும். 2012இல் வந்த முதல் எல்எஸ்50இல் பித்தளை வாத்தியங்களிடம் எட்டிப்பார்த்த கூர்மை இதில் பெருமளவு அடங்கியிருக்கிறது.

இனி வைக்கும் விதம். பாதி ஸ்பீக்கர் இதில்தான் இருக்கிறது. 10 அடிச் சுவர்ப் பக்கத்தில், 12 அடி நீளத்தைப் பார்த்து வையுங்கள். பெட்டியின் முதுகுக்கும் சுவருக்கும் 45 செ.மீ., பக்கச் சுவரிலிருந்து பெட்டியின் நடுவுக்கு 60 செ.மீ. இப்போது இரண்டு ஸ்பீக்கருக்கும் இடையே 1.85 மீட்டர் வரும். உங்கள் தலையும் ஒவ்வொன்றிலிருந்தும் அதே 1.85 மீட்டரில் இருக்கட்டும். கணக்குப் போட்டால் பின்சுவர் தலைக்கு 1.3 மீட்டர் பின்னால் இருக்கும். பின்சுவரில் ஒட்டி உட்கார்ந்தால் பேஸ் வீங்கும். அறையின் நட்டநடுவில் உட்கார்ந்தால் 47 ஹெர்ட்ஸ் காணாமலே போகும். இந்த இடம் இரண்டுக்கும் நடுவே.

பெட்டியின் முகப்பு, அதன் பின்னால் உள்ள சுவரிலிருந்து சுமார் 75 செ.மீ. தள்ளி இருப்பதால், சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி 114 ஹெர்ட்ஸ் அருகே ஒரு பள்ளம் போடும், அங்கே சத்தம் குறையும். தவிர்க்க முடியாது. இடம் போதவில்லை என்று சுவரோடு ஒட்டிவிட்டால் பள்ளம் 280 ஹெர்ட்ஸ் பக்கம் ஏறி, ஆண் குரலின் உடம்பைத் தின்னும். கூடவே பேஸும் கொழகொழக்கும். பின்னால் 20 செ.மீ.தான் கிடைக்கும் என்பவர்கள் பெட்டியின் பின்னால் உள்ள காற்றுத் துளையை (போர்ட்) ஸ்பாஞ்ச் வைத்து அடைத்துவிடுவது நல்லது. பேஸ் அளவு குறையும், தாளம் தெளியும்.

ஸ்டாண்டில் ஒரு கவனம். யூனிட் பெட்டியின் நடுவில் இருப்பதால், வழக்கமான 60 செ.மீ. ஸ்டாண்டில் அது தரையிலிருந்து 75 செ.மீ. உயரத்தில்தான் நிற்கும், நாற்காலியில் உட்கார்ந்தவர் காது ஒரு மீட்டரில் இருக்கும். 70 செ.மீ. ஸ்டாண்ட் வாங்கி, முன்பக்கத்துக்கு அடியில் 2 செ.மீ. கனத்துக்கு ரப்பர் கொடுத்து லேசாக அண்ணாந்து பார்க்க வையுங்கள். பெட்டி 7.8 கிலோ. இலகுவான ஸ்டாண்ட் தள்ளாடும்.

ஆம்ப்ளிஃபையரில் கஞ்சத்தனம் எடுபடாது. உணர்திறன், அதாவது கொடுக்கும் மின்சக்திக்கு எழும் சத்தம், 85 டெசிபல்தான்; மின்தடை பெயருக்கு 8 ஓம் என்றாலும் சில இடங்களில் 3.5 ஓம் வரை இறங்கும். நிறுவனம் கேட்பது 40 முதல் 100 வாட். சந்தையில் "100+100 வாட்" என்று விற்கும் குட்டி கிளாஸ்-டி (சூடாகாத, கையடக்க வகை) ஆம்ப்களின் அடாப்டரைத் திருப்பிப் பாருங்கள்: 24 வோல்ட், 4 ஆம்பியர். பெருக்கினால் 96 வாட். இரண்டு சேனலுக்கும் சேர்த்தே அவ்வளவுதான் என்னும்போது 200 எங்கிருந்து வரும்? 8 ஓமில் 50 வாட் நிஜமாகத் தரும் ஓர் இன்டகிரேட்டட் ஆம்ப் (எல்லாம் ஒரே பெட்டியில் உள்ள ஆம்ப்ளிஃபையர்) இந்த அறைக்குப் போதும். ஒயருக்கு 2.5 ஸ்கொயர் எம்எம் செம்புக் கம்பி, ஐந்து மீட்டர் வரை தாராளம். ஒரு பக்கம் சிவப்பும் கறுப்பும் மாறிவிட்டால் பாடகர் நடுவில் நிற்காமல் அறை முழுக்கக் கரைந்துபோவார், பேஸும் மெலியும். புது ஸ்பீக்கரில் "ஒண்ணும் சரியில்லை" என்று தோன்றினால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

அறைக்குள்ளும் எதிரிகள் உண்டு. ஸ்டீல் பீரோ முதல் குற்றவாளி. 30 முதல் 200 ஹெர்ட்ஸ் வரை மெதுவாக ஏறும் டெஸ்ட் டோனை மிதமான சத்தத்தில் ஓடவிட்டு, பீரோ கதவு, ஜன்னல் கண்ணாடி, கொண்டி என்று ஒவ்வொன்றாகக் கையால் அழுத்திப் பாருங்கள். எதை அழுத்தும்போது ‘ஜிர்ர்’ நிற்கிறதோ அங்கே ஃபெல்ட் துண்டு. மேலே ஓடும் மின்விசிறி நீண்ட ஸ்வரங்களை நடுங்க வைக்கும். நாகஸ்வரத்தில் அப்பட்டமாகத் தெரியும். வேகத்தைக் குறைத்தால் பாதி போகும். ஜமுக்காளம் கைதட்டலின் எதிரொலியைத்தான் குறைக்கும், பேஸைத் தொடாது. அதற்கு மூலையில் ஒரு தடித்த பஞ்சு மெத்தையைச் சாய்த்து வைப்பது மேல்.

மிருதங்கம், வீணை, குரல் என்று கேட்பவர்களுக்கு இதில் குறை பெரிதாகத் தெரியாது. தவில் செட்டை நேரில் கேட்கும் சத்தத்தில் எதிர்பார்த்தாலோ, சினிமாவில் வெடிச்சத்தம் நெஞ்சில் இடிக்க வேண்டும் என்றாலோ இது வேண்டாம். அந்தச் சின்னக் கூம்பு அவ்வளவு காற்றைத் தள்ளாது. பேஸுக்கென்றே உள்ள தனிப் பெட்டியான சப்ஊஃபர் சேர்ப்பதானால் மூடிய பெட்டியில் 8 இன்ச் போதும், 80 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ளதை அதற்குப் பிரித்துவிடுங்கள்.

இதே அளவில் ஹார்பெத் பி3ஈஎஸ்ஆர் போட்டிக்கு நிற்கும். போர்ட்டே இல்லாத மூடிய பெட்டி என்பதால் சுவரருகே வைக்க வேண்டியவர்களுக்கு அதுவே தோது. குரலில் அதன் இதம் வேறு ரகம், 83.5 டெசிபல் என்பதால் சத்தம் இன்னும் குறைவு. இரண்டுமே பட்ஜெட்டுக்கு மேல் என்றால் கியூ அகூஸ்டிக்ஸ் 3020i: 88 டெசிபல், சின்ன ஆம்பிலும் ஓடும். நுணுக்கத்தில் ஒரு படி கீழேதான், ஆனால் மிச்சப் பணத்தில் நல்ல ஸ்டாண்டும் ஆம்பும் வாங்கி மேலே சொன்ன அளவில் நிறுத்தினால், அலமாரித் தட்டில் திணித்து வைத்த எல்எஸ்50ஐ அது சுலபமாக முந்தும்.