பழைய பிளாஸ்டிக் பொம்மைக் கார் கிட்டுக்கு (பாகங்களை ஒட்டிச் செய்யும் மாடல்) எனாமல் பெயின்டா, அக்ரிலிக் பெயின்டா?

எதை அடித்தாலும் முதல் வேலை ஒன்றுதான். பாகங்களை அவை ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் ஃபிரேமிலிருந்து வெட்டும் முன்பே, வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் சோப்பு இரண்டு சொட்டு விட்டுக் கழுவிக் காயவிடுங்கள். அச்சில் ஒட்டாமலிருக்கப் பூசிய எண்ணெய் பழைய கிட்களில் இன்னும் படிந்திருக்கலாம். கொதிநீர் வேண்டாம், பிளாஸ்டிக் வளைந்துவிடும்.

பிரஷ்ஷில் அடிப்பவர்களுக்கு, பாடிக்கு எனாமல்தான். மெதுவாகக் காய்வதால் பிரஷ் கோடுகள் தானாகவே மட்டமாகும். ஆனால் பொறுமை வேண்டும்: அடுத்த கோட் (பூச்சு) அடிக்கக் குறைந்தது 24 மணி நேரம். அவசரப்பட்டுத் தொட்டால் பானெட்டில் கைரேகை அப்படியே பதிந்து நிற்கும். பிறகு 2000 கிரிட் உப்புத்தாளை (மிக நைசானது) நனைத்துத் தேய்க்க வேண்டியதுதான். தூசி விழாமல் மேலே ஒரு டப்பாவைக் கவிழ்த்து வையுங்கள். தின்னர் நெடிக்கு ஜன்னல் திறந்திருக்கட்டும்.

நீரில் கரையும் அக்ரிலிக் அரைமணிக்குள் தொடும் அளவுக்குக் காய்ந்துவிடும். சீட், டாஷ்போர்டு, என்ஜினுக்கு இதுவே சௌகரியம். வெறும் பிளாஸ்டிக்கில் பிடிப்பு குறைவு. பிரைமர் (அடிப்பூச்சு) இல்லாவிட்டால் மாஸ்கிங் டேப்பை உரிக்கும்போது பெயின்டும் சேர்ந்து வரும். பால் பதத்தில் கரைத்து மெல்லிசாக மூன்று கோட் போதும். பாதி காய்ந்த இடத்தில் மறுபடி பிரஷ்ஷை இழுத்தால் திரிதிரியாகக் கிளம்பும்.

காய்ந்த அக்ரிலிக் மேல் எனாமல் அடிக்கலாம். அரைகுறையாகக் காய்ந்த எனாமல் மேல் அக்ரிலிக் அடித்தால் வெடிப்பு விடும். பாடி சிவப்பு பிளாஸ்டிக், அடிக்கப்போவது வெள்ளை என்றால், சாயம் ஊறி ரோஸாகத் தெரியலாம். அடியில் சில்வர் ஒரு கோட் கொடுத்துவிடுங்கள்.