ரோத் கணக்கோடு ஊர் திரும்பலாமா? திருச்சியில் மூன்று வாரம்

2026 ஜனவரியில் மூன்று வாரம் திருச்சியில் இருந்தோம். பொங்கலுக்கு என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டாலும், முக்கியமான வேலை வேறு. அடுத்த வருடம், 2027-ல், ஊரோடு வந்துவிடுவது என்று நானும் மனைவியும் முடிவு செய்திருக்கிறோம். டெக்சஸில் முப்பது வருடம் வேலை பார்த்துச் சேர்த்த ஓய்வுக்காலப் பணத்தை எந்த நிலையில் வைத்துவிட்டுக் கிளம்புவது என்பதுதான் கேள்வி.

ஓய்வு பெற்றதும் என் 401கே கணக்கை, அதாவது வேலை பார்த்த நிறுவனம் வழியாகச் சேர்த்த ஓய்வுக்காலக் கணக்கை, ஐஆர்ஏவுக்கு மாற்றினேன். ஐஆர்ஏ நம் பெயரில் தனியாக வைக்கும் ஓய்வுக்காலக் கணக்கு, பணம் எடுக்கும்போதுதான் வரி. அப்படி மாற்றியதற்கு வரி இல்லை. ரோத் என்பது வரி கட்டிய பணத்தைப் போட்டுவிட்டு, பின்னால் வரியில்லாமல் எடுக்கும் வகை. அடுத்ததாக எல்லா நண்பர்களும் சொல்வது ரோத் மாற்றம்: சம்பளம் நின்ற வருடங்களில் வருமானம் குறைவாக இருக்கும், அப்போதே ஐஆர்ஏவைக் கொஞ்சம் கொஞ்சமாக ரோத்துக்கு மாற்று, மாற்றும் தொகைக்கு அந்த வருடமே வரி கட்டிவிடு, அப்புறம் ஆயுசுக்கும் வரி இல்லை. அமெரிக்காவிலேயே இருப்பவருக்கு இது நல்ல யோசனைதான். 2024-ல் கணவன் மனைவி சேர்ந்து கணக்குக் காட்டினால் வரி போடாமல் விடும் நிலையான கழிவு 29,200 டாலர், 12 சதவீத வரி அடுக்கு 94,300 டாலர் வரை. இரண்டையும் கூட்டினால் 1,23,500 டாலர் வரை 12 சதவீதத்துக்கு மேல் போகாது. அந்த வரம்புக்குள் நின்று 2024 டிசம்பரில் ஒரு பகுதியை மாற்றினேன். 2025-ல் இன்னொரு பகுதி. நான் 1960-ல் பிறந்தவன். ஐஆர்ஏவிலிருந்து கட்டாயமாகப் பணம் எடுக்க வேண்டிய வயது எனக்கு 75. அதற்குள் முழுவதையும் மாற்றிவிடலாம் என்பது திட்டம். ரோத்துக்கு மாற்றியதைத் திருப்பிக்கொள்ளும் வசதி 2018-லிருந்து கிடையாது. அதனால்தான் அடுத்த பகுதிக்கு முன்னால் ஊரில் ஒருமுறை கேட்டுவிட வேண்டும் என்று தோன்றியது.

முதலில் வங்கிக்குப் போனேன். உறையூரில் வீட்டுக்குப் பக்கத்துக் கிளைதான். என் என்.ஆர்.ஓ. கணக்கில் (வெளிநாட்டில் இருப்பவர் இந்திய வருமானத்தைப் போடும் கணக்கு) இருக்கும் வைப்புத்தொகை வட்டிக்கு 31.2 சதவீதம் டி.டி.எஸ். பிடித்துக்கொண்டிருந்தார்கள். இரு நாட்டு வரி உடன்படிக்கைப்படி அது 15 சதவீதமாக வேண்டும். அதற்கு அமெரிக்க வரித்துறையின் குடியிருப்புச் சான்றிதழ் வேண்டும். 85 டாலர் கட்டணம் கட்டி, பல வாரம் காத்திருந்து வாங்கிய 6166 படிவத்தை உறையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். உடன்படிக்கைச் சலுகைக்காக இந்திய வருமான வரி இணையதளத்தில் பதிவு செய்த 10எஃப் படிவமும் கையில் இருந்தது. கவுண்டரில் இருந்த தம்பி சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல சீல் எங்க சார் இருக்கு?" என்று கேட்டார். இரண்டு முறை திருப்பி அனுப்பினார்கள். மூன்றாவது முறை மேலாளர் அறையில் உட்கார்ந்து, உடன்படிக்கையின் 11-ஆவது பிரிவை என் போனில் எடுத்துக் காட்டிய பிறகு ஏற்றுக்கொண்டார்கள்.

வேலை முடிந்து எழும்போது மேலாளர் சொன்னார்: "எதுக்கு சார் இவ்வளவு சிரமம்? அங்க இருக்கற மொத்தத்தையும் எடுத்துட்டு வந்து என்.ஆர்.இ. எஃப்.டி.ல போட்டுடுங்க. வட்டிக்கு வரியே கிடையாது." என்.ஆர்.இ. என்பது வெளிநாட்டில் இருப்பவர் அங்கே சம்பாதித்ததை இங்கே போடும் கணக்கு. அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் ஐஆர்ஏ முழுவதையும் ஒரே வருடத்தில் எடுத்தால் அமெரிக்காவில் மேல் அடுக்குகளில் வரி விழும். அமெரிக்கக் குடிமகனுக்கு என்.ஆர்.இ. வட்டிக்கும் அங்கே வரி உண்டு. ஊரோடு வந்துவிட்டால் அந்தக் கணக்கை என்.ஆர்.இ.யாக வைத்திருக்கவும் முடியாது. இந்தப் பேச்சை நம்பி எடுத்துவிட்டு வருகிறவர்கள் இருப்பார்களே என்று எனக்கு வருத்தமாக இருந்தது.

பெல் நிறுவனத்தில் ஓய்வு பெற்ற என் மச்சினர், "எங்க ஆடிட்டர் அம்மாவைப் பாருங்க" என்று தில்லைநகருக்கு அழைத்துப் போனார். மாடியில் சின்ன அலுவலகம். ஆடிட்டர் என் பேச்சைப் பத்து நிமிடம் குறுக்கிடாமல் கேட்டார். பிறகு, "சார், பாஸ்போர்ட் குடுங்க" என்றார்.

கணக்கைப் பார்ப்பார் என்று நினைத்தால் பாஸ்போர்ட்டில் குடிநுழைவு முத்திரைகளைப் பார்க்கிறார். பழைய பிரிண்ட் அவுட் ஒன்றின் பின்பக்கத்தில், நிதியாண்டு வாரியாகப் பென்சிலால் நாட்களை எழுதினார். வந்த நாள், போன நாள் இரண்டையும் சேர்த்தே எண்ணினார். 2022-ல் அப்பா படுத்திருந்தபோது நான்கு மாதம் இருந்தேன். அதற்கு மட்டும் ஒரு வட்டம் போட்டார். "எந்த வருஷமும் 182 தாண்டல. முந்தின நாலு வருஷமும் சேர்ந்து 365 வராது. நல்லது. எப்ப வர்றதா இருக்கீங்க?"

"2027 மே மாசம்" என்றேன்.

"மே வேண்டாம் சார். அக்டோபர் முதல் வாரம் தாண்டட்டும்."

காரணத்தை அதே தாளில் காட்டினார். மே மாதம் வந்தால் 2027-28 நிதியாண்டிலேயே 182 நாள் ஆகிவிடும், வரிக்கணக்கில் நான் இந்தியாவில் குடியிருப்பவன் ஆகிவிடுவேன். அக்டோபர் முதல் வாரம் தாண்டி வந்தால் ஆகாது. 2028 லீப் வருடம் என்பதால் பிப்ரவரிக்கு 29 நாள் போட்டு எண்ணினார். அப்படி வந்தால் அந்த நிதியாண்டு முழுக்க நான் வெளிநாட்டில் குடியிருப்பவர் கணக்குதான். அதற்குப் பிறகு 2028-29, 2029-30 இரண்டும் ஆர்என்ஓஆர், அதாவது இந்தியாவில் குடியிருந்தாலும் வெளிநாட்டு வருமானத்துக்கு இங்கே வரி கேட்காத இடைக்கால நிலை. முந்தைய பத்து வருடத்தில் ஒன்பது வருடம் வெளிநாட்டில் குடியிருப்பவராக இருந்திருந்தால் அது கிடைக்கும். 2030 ஏப்ரல் 1 முதல் உலகத்தில் எங்கே சம்பாதித்தாலும் இங்கே வரி.

அப்போதுதான் ரோத்தைப் பற்றிக் கேட்டேன். அவர் சொன்னது எனக்குப் புதிது. வெளிநாட்டு ஓய்வுக்கால கணக்குகளுக்காக 2021-ல் வருமான வரிச் சட்டத்தில் 89ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். அமெரிக்கா, பிரிட்டன், கனடா மூன்றுக்கும் அது பொருந்தும். அதற்கான படிவம் (அப்போது 10இஇ) கொடுத்தால், கணக்கு வளர வளர வருடாவருடம் இங்கே வரி கேட்க மாட்டார்கள். பணம் எடுத்து அந்த நாட்டில் வரி விழும் வருடத்தில்தான் இங்கேயும் கணக்கு. கொடுத்த படிவத்தைத் திரும்பப் பெற முடியாது. 2026 ஏப்ரலில் புதிய வருமான வரிச் சட்டம் நடப்புக்கு வருவதால் பிரிவு எண் மாறும் என்றும் சொன்னார்.

"ஆனா சார், பணம் எடுக்கும்போது அந்த நாட்டுல வரி போடற கணக்குக்குத்தான் இந்தச் சலுகைன்னு எழுதியிருக்கு. ரோத்துல எடுக்கும்போது வரி இல்லையே!"

சொல்லுக்குச் சொல் படித்தால் ரோத் அந்த வரையறைக்குள் வரவில்லை. அமெரிக்காவில் வரியில்லை என்று நிம்மதியாக வைத்திருக்கும் கணக்கின் வளர்ச்சிக்கு, 2030-க்குப் பிறகு இங்கே வருடாவருடம் வரி கேட்க வாய்ப்பு இருக்கிறது. சாதாரண ஐஆர்ஏவுக்கு அந்தச் சிக்கல் இல்லை.

மாற்றிவிட்ட பணத்தை என்ன செய்வது? அதற்கும் அவர் வழி சொன்னார். முதல் ரோத் கணக்கு எந்த வருடத்தது என்று கேட்டார். 2024. ரோத்தில் சேர்ந்த லாபம் வரியில்லாமல் வெளிவர ஐந்து வருடம் ஆக வேண்டும். அந்த வருடத்து ஜனவரி 1-லிருந்து எண்ணினால் 2028 டிசம்பரோடு முடிகிறது. 2029 ஜனவரியிலிருந்து 2030 மார்ச் 31 வரை பதினைந்து மாதம். அந்த இடைவெளியில் ரோத்தை முழுவதும் எடுத்தால் அங்கேயும் வரியில்லை, இங்கேயும் வரியில்லை. பென்சிலால் இரண்டு தேதிகளுக்கும் அடிக்கோடு போட்டுத் தாளை என் பக்கம் தள்ளினார்.

ஐஆர்ஏவுக்கும் இதே போக்குதான். ஆர்என்ஓஆர் வருடங்களில் அமெரிக்காவின் 12 சதவீத அடுக்கு நிரம்பும் அளவுக்கு எடுத்துவிட வேண்டும். அதற்குப் பிறகு எடுத்தால், இங்கே புதிய வரிமுறையில் 24 லட்சத்துக்கு மேல் 30 சதவீதம். ஒரு லட்சம் டாலர் எடுத்தாலே 80 லட்சம் ரூபாயைத் தாண்டும், சர்சார்ஜ் என்ற கூடுதல் வரியும் சேரும். அமெரிக்காவில் கட்டியதைக் கழித்துக்கொண்டாலும் மிச்சம் பெரிய தொகை. அமெரிக்க அரசு தரும் ஓய்வூதியமான சோஷியல் செக்யூரிட்டிக்கு மட்டும் கவலையில்லை, உடன்படிக்கையின் 20-ஆவது பிரிவுப்படி அதற்கு அமெரிக்காவில் மட்டும்தான் வரி. 2030-க்குப் பிறகு இந்திய வரிக் கணக்கின் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையில் ஒரு கணக்கைக்கூட விட்டுவிடக் கூடாது, விட்டால் 10 லட்சம் ரூபாய் அபராதம் வரை போகும் என்பதை இரண்டு முறை சொன்னார்.

ஒன்றரை மணி நேரத்துக்கு 3,000 ரூபாய் வாங்கினார். இந்தத் துறையில் இவ்வளவு தெளிவாக எனக்கு யாரும் விளக்கியதில்லை. அங்கே வரி ஆலோசகர்களுக்கு இந்தியச் சட்டம் தெரியாது, இங்கே பலருக்கு ரோத் தெரியாது. இரண்டும் தெரிந்தவரைத் தேடிப் பிடித்துவிட்டுத்தான் மாற்றத்தைத் தொட வேண்டும். நான் இரண்டு பகுதிகளை முன்னாலேயே மாற்றிவிட்டுப் பிறகு கேட்டேன்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் தாளைக் காட்டினேன். "அக்டோபர் முதல் வாரம்னா புரட்டாசி. அதுல குடி வர வேண்டாம். ஐப்பசி பிறக்கட்டும்" என்றாள். அதனால் 2027 அக்டோபர் 20-ஐ ஒட்டிக் கிளம்புகிறோம். தீபாவளி உறையூர் வீட்டில்.