சோல் ஒட்ட ரஃபிங்கா, பிளாஸ்மாவா?

போன வருடம் எங்கள் ஆம்பூர் ஷூ யூனிட்டில் இருந்த பழைய ரஃபிங் மெஷின் ஓய்ந்துவிட்டது. ஷூவின் மேல்பாகமான அப்பரில் சோல் ஒட்டும் இடத்தைத் தேய்த்துச் சொரசொரப்பாக்குவதுதான் ரஃபிங். அதையே புதிதாக வாங்குவதா, பிளாஸ்மாவுக்கு மாறுவதா என்று யோசித்தபோது, ஒரு சப்ளையர் பிளாஸ்மா நாசில் ஒன்றை மூன்று வாரம் சோதனைக்குக் கொடுத்தார். கடைசியில் ரஃபிங் மெஷினைத்தான் வாங்கினோம்.

பிளாஸ்மாவின் நன்மைகள் பார்த்தவுடன் தெரியும். அழுத்தக் காற்றை மின்சாரத்தால் அயனியாக்கி நாசில் வழியாகத் தோல் மேல் பாய்ச்சுகிறார்கள். மேற்பரப்பில் ஆக்சிஜன் சேர்ந்த வேதித் தொகுதிகள் உருவாகின்றன. முத்தாக உருண்டு நின்ற தண்ணீர்த் துளி படர்ந்துவிடுகிறது, பசையும் அதேபோல் படர்கிறது. தூசி கிடையாது.

ஆனால் ஒட்டை இழுத்துப் பிரித்து அதன் பலத்தை அளக்கும் பீல் மெஷினில் வைத்து இழுத்தபோது விஷயம் வேறாக இருந்தது. எங்களுக்கு வருவது க்ரோம் பதனிட்ட மாட்டுத் தோல். பிக்மென்ட் அடித்து, மேலே பாலியூரித்தேன் டாப் கோட் போட்டது. பிளாஸ்மா காட்டிய அப்பரில் பசை டாப் கோட்டை நன்றாகவே பிடித்திருந்தது. பிக்மென்டும் டாப் கோட்டும் சேர்ந்த அந்த ஃபினிஷ்தான் தோலைப் பிடிக்கவில்லை! இழுத்ததும் படலம் படலமாக உரிந்து சோலோடு வந்துவிட்டது. பிளாஸ்மா மாற்றுவது நானோமீட்டர் கணக்கில் ஒரு மேலடுக்கை மட்டும். அதற்குக் கீழே மைக்ரான் கணக்கில் ஃபினிஷ், அதற்கும் கீழே கிரெய்ன், அதாவது தோலின் வழவழப்பான மேல் அடுக்கு. இவை இரண்டும் உறுதியில் உள் நாருக்கு ஈடாகாது. பசை எவ்வளவு நல்லதாக இருந்தாலும், அது பற்றியிருக்கும் அடுக்கின் பலம்தான் ஒட்டின் பலம். பாதுகாப்பு ஷூக்களுக்கான ஐஎஸ்ஓ 20345 தரநிலை, ஒட்டின் அகலத்தில் மில்லிமீட்டருக்கு 4 நியூட்டன் பலம் கேட்கிறது. ஃபினிஷை நம்பி அந்த அளவுக்கு உறுதி சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை.

ரஃபிங்கில் ஃபினிஷும் கிரெய்னும் போய் நார் வெளியே தெரியும். பசை அதற்குள் ஊறிப் பிடித்துக்கொள்ளும். அதே தோலை ரஃப் செய்து ஒட்டி இழுத்தால், நார் கிழிந்து வந்தது. நமக்கு வேண்டியது அப்படிப்பட்ட கிழிசல்தான்.

சரி, ரஃபிங்கில் குறை இல்லாமல் இல்லை. ஆழம் கூடினால் அப்பரே பலவீனமாகும், சோல் மூடும் எல்லைக் கோட்டைத் தாண்டினால் தேய்ப்பு வெளியே தெரியும். கை பழகிய ஆள் வேண்டும். தூசி விஷயத்தில் அலட்சியமே கூடாது. தோல் தூசியை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாகவே சர்வதேச புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. மெஷின் விலையோடு தூசி உறிஞ்சியின் விலையையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள். நாங்கள் இரண்டையும் ஒன்றாகத்தான் வாங்கினோம்.

பிளாஸ்மா காட்டிய தோலை அதிக நேரம் வைத்திருக்கவும் கூடாது. உள்ளிருக்கும் கொழுப்பு மெல்ல மேலே வரும், பலன் குறையும். சாப்பாட்டு வேளைக்கு லைன் நிற்கும் இடத்தில் இதைக் கட்டுப்படுத்துவது சிரமம்.

ஃபினிஷ் இல்லாத தோல், தேய்த்தால் ஓட்டை விழும் மெல்லிய ஆட்டுத் தோல், இவற்றுக்கு நான் பிளாஸ்மாவைத்தான் முதலில் பார்ப்பேன். அப்புறம் ரப்பர் சோல். வழக்கமாகப் பசைக்கு முன் அதற்குக் குளோரின் ப்ரைமர் அடிக்கிறோம், அந்த நெடி தாங்க முடியாது. ஒரே ஒரு வகைச் சோலில் ப்ரைமருக்குப் பதில் பிளாஸ்மா காட்டிப் பார்த்தோம், நன்றாகப் பிடித்தது. ஒரு வகையை வைத்து முடிவு சொல்ல முடியாது. நாசில் இன்னொரு முறை கிடைத்தால் அப்பரை விட்டுவிட்டு, சோல் பக்கம் மட்டும் வைத்துச் சோதிக்கப் போகிறேன்.